தமக்குக் கிட்டாத இருக்கை: அசுதோஷ் முகர்ஜி

பல்கலைக்கழகம் என்பது தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அலுவலகமா, கற்றோர் ஒருங்கு கூடி அறிவை வளர்க்கும் அவையா என்னும் வினா மிகப் பழையது. அந்த அவையை ஆளும் உரிமை அரசுக்கு உரியதா, அதன்கண் கற்பிக்கும் ஆசான்களுக்கு உரியதா என்னும் வினா அதனினும் கூர்மையானது. இவ்விரு வினாக்களுக்கும் இந்திய மண்ணில் தம் வாழ்நாள் முழுவதும் செயலால் விடை தேடியவர், கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கிய அசுதோஷ் முகர்ஜி ஆவார். வங்க மக்கள் அவரை வங்கப் புலி என்று அழைத்து மகிழ்ந்தனர். அப்புலியின் உள்ளத்தில் நிறைவேறாத ஆசை ஒன்று இறுதிவரை குடிகொண்டிருந்தது. கணிதப் பேராசிரியராக வாழ வேண்டும் என்பதே அது.

இளமையும் கல்வியும்

அசுதோஷ் 1864ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் கங்காபிரசாத் பெயர் பெற்ற மருத்துவர். அன்னையார் ஜகத்தாரிணி தேவி. பவானிபூரில் இருந்த அவர்தம் இல்லத்தில் நூல்களுக்குக் குறைவில்லை. மாநிலக் கல்லூரியில் பயின்ற அசுதோஷ் மாணவராக இருந்தபோதே கேம்பிரிட்ஜிலிருந்து வெளிவந்த கணித ஏடு ஒன்றில் கட்டுரை எழுதினார். 1885இல் கணிதத்திலும், அடுத்த ஆண்டில் இயற்பியலிலும் முதுகலைப் பட்டம் பெற்றார். பிரேம்சந்த் ராய்சந்த் உதவித்தொகை என்னும் அரிய சிறப்பும் அவருக்குக் கிட்டியது. வகைக்கெழுச் சமன்பாடுகள் குறித்து அவர் எழுதிய கட்டுரைகள் அறிஞர்தம் கவனத்தைக் கவர்ந்தன. கூம்பு வெட்டுகளின் வடிவியல் பற்றி அவர் இயற்றிய நூல் 1893இல் வெளிவந்தது.

இத்தகைய இளைஞருக்குப் பேராசிரியர் இருக்கை தானே தேடி வந்திருக்க வேண்டும். காலம் அவ்வாறு அமையவில்லை. அந்நாளில் அரசுக் கல்லூரிகளில் ஐரோப்பியருக்கு ஓர் ஊதியமும் இந்தியருக்கு அதனிற் குறைந்த ஊதியமும் வழங்கப்பட்டன. இவ்வேற்றுமையை எதிர்த்து ஜகதீஸ் சந்திர போஸ் மூன்றாண்டுகள் ஊதியமே பெறாது பணியாற்றிய வரலாறு யாவரும் அறிந்தது. கல்வித்துறை இயக்குநராக இருந்த ஆல்பிரட் கிராப்ட், அசுதோஷைக் கல்விப் பணிக்கு அழைத்தார். ஐரோப்பியருக்கு நிகரான தகுதியும், மாநிலக் கல்லூரியிலேயே நிலைத்திருந்து ஆராயும் வாய்ப்பும் வேண்டும் என்று அசுதோஷ் கேட்டார். அவை மறுக்கப்படவே, அப்பணியை அவரும் மறுத்தார்.

பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியத் துணைவேந்தரான குருதாஸ் பானர்ஜி அவரிடம் பேரன்பு கொண்டவர். பல்கலைக்கழகத்திலேயே கணித இருக்கை ஒன்று நிறுவி அதில் அசுதோஷை அமர்த்த விரும்பி, அதற்கு அறக்கட்டளை திரட்ட அவர் முயன்றார். பொருள் தருவார் இலர். கற்பிப்பதற்கென ஒரு பேராசிரியரைக்கூட வைத்துக்கொள்ள இயலாத நிலையில் அன்றைய பல்கலைக்கழகம் இருந்தது. இந்தத் தோல்வியே பிற்கால வரலாற்றின் வித்து எனலாம்.

பேரவையில் ஓர் இளங்குரல்

கணிதம் கைவிட்டபோது சட்டம் கைகொடுத்தது. 1888இல் வழக்கறிஞரான அசுதோஷ், 1894இல் சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 1904இல் கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியாக உயர்ந்தார். ஆயினும் அவர் மனம் பல்கலைக்கழகத்தை விட்டு அகலவில்லை. 1889இல், இருபத்தைந்து வயதை ஒட்டிய பருவத்தில், பேரவையின் உறுப்பினராகும் வாய்ப்பு வந்தது. ஈராண்டுகளுக்குப் பின், பல்கலைக்கழகத் தேர்வுகளில் வங்காளம் முதலிய இந்திய மொழிகளுக்கு இடம் தர வேண்டும் என்று தீர்மானம் ஒன்றை முன்மொழிந்தார். அது தோற்றது. தோற்ற தீர்மானத்தை அவர் மறந்துவிடவில்லை என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின.

1904இல் கர்சன் பிரபு காலத்துப் பல்கலைக்கழகச் சட்டம் வந்தது. பேரவை உறுப்பினர்களுள் பெரும்பாலோரை வேந்தரே நியமிக்கவும், பல்கலைக்கழக விதிகளை அரசே திருத்தவும் அச்சட்டம் வழிசெய்தது. நாட்டுப்பற்றுடையோர் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். சட்டமன்றத்தில் இருந்த அசுதோஷும் அதன் குறைகளை எடுத்துரைத்தார். எனினும் அச்சட்டத்தின் ஒரு பகுதி, பல்கலைக்கழகம் தானே பேராசிரியர்களை நியமித்துக் கற்பிக்கலாம், ஆராய்ச்சி நடத்தலாம் என்று இசைவளித்தது. இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு 1857இல் தோன்றிய கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் மூன்றும் அதுவரை தேர்வு நடத்தும் அமைப்புகளாகவே இருந்து வந்தன. அரசு தன் பிடியை இறுக்க இயற்றிய சட்டத்தில் விடுதலைக்கான கதவு ஒன்று திறந்திருப்பதைச் சட்டம் கற்ற அக்கணித மேதை கண்டுகொண்டார்.

இருக்கைகளை நிறுவிய துணைவேந்தர்

1906இல் அவர் துணைவேந்தரானார். 1914 வரை எட்டாண்டுகளும், மீண்டும் 1921 முதல் 1923 வரையும் அப்பொறுப்பை வகித்தார். அந்நாளில் துணைவேந்தர் பதவிக்கு ஊதியம் கிடையாது. பகலில் நீதிமன்றம், மாலையில் பல்கலைக்கழகம் என்பதே அவர்தம் அன்றாட வாழ்க்கை.

முன்பு குருதாஸால் திரட்ட இயலாத பொருள் இப்போது திரண்டது. வழக்கறிஞரான தாரக்நாத் பாலித் 1912இல் தம் நிலத்தையும் செல்வத்தையும் அறிவியல் கல்விக்கென வழங்கினார். அடுத்த ஆண்டில் ராஷ்பிகாரி கோஷ் 10 இலட்சம் ரூபாய் அளித்தார். 1914ஆம் ஆண்டு மார்ச்சில் அறிவியல் கல்லூரிக்குக் கால்கோள் விழா நடைபெற்றது. தம் அறக்கட்டளையால் நிறுவப்படும் இருக்கைகளில் இந்தியரே அமர வேண்டும் என்பது பாலித் விதித்த நிபந்தனை. ஆளத் தகுதியற்றவர், ஆராயத் தகுதியற்றவர் என்று இந்தியர் இகழப்பட்ட காலத்தில் அந்நிபந்தனை ஓர் அறைகூவலாகவே அமைந்தது.

அவ்விருக்கைகளுக்கு உரியவரைத் தேடிக் கண்டதில்தான் அசுதோஷின் தனித்திறன் விளங்குகிறது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமன், கல்கத்தாவில் நிதித்துறை அலுவலராக இருந்துகொண்டு, ஓய்வு நேரங்களில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வகத்தில் ஒலியையும் ஒளியையும் ஆராய்ந்து வந்தார். அவரை இயற்பியலுக்கான பாலித் பேராசிரியராக அசுதோஷ் அழைத்தார். அயல்நாடு சென்று பயிற்சி பெற்று வர வேண்டும் என்ற விதி குறுக்கிட்டபோது, இராமன் அதற்கு உடன்படவில்லை. ஆய்வின் தரம் கண்டே ஆளை அளக்க வேண்டும் எனக் கருதிய அசுதோஷ் அவ்விதியைத் தளர்த்தச் செய்தார். உயர்ந்த ஊதியம் தந்த அரசுப் பணியைத் துறந்து 1917இல் இராமன் பேராசிரியரானார். வேதியியல் இருக்கையில் பிரபுல்ல சந்திர ராய் அமர்ந்தார். மேகநாத் சாகா, சத்யேந்திரநாத் போஸ் என்னும் இளைஞர் இருவர் விரிவுரையாளராயினர். ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரைகளை அவர்கள் ஆங்கிலத்தில் பெயர்க்க, பல்கலைக்கழகம் 1920இல் நூலாக வெளியிட்டது. மைசூரில் பேராசிரியராக இருந்த இராதாகிருஷ்ணனை 1921இல் மெய்யியல் இருக்கைக்கு வரவழைத்தவரும் அசுதோஷே. பண்டைய இந்திய வரலாற்றுக்கு பண்டார்க்கர், மொழியியலுக்கு சுநீதி குமார் சட்டர்ஜி, நுண்கலைக்கு ஓவியர் அபனீந்திரநாத் தாகூர் என நீள்கிறது அப்பட்டியல். ஊரும் மொழியும் பட்டங்களின் எண்ணிக்கையும் அவர் கண்ணில் படவில்லை. துறையில் ஆழங்கால் பட்டவரா என்பதையே அவர் நோக்கினார்.

ஆசிரியர் ஆளும் அவை

பேராசிரியர்களை அமர்த்தியதோடு அவர் அமைதி கொள்ளவில்லை. கற்பிப்பவருக்குப் பாடத்திட்டம் வகுக்கும் உரிமையும், தேர்வின் தரத்தை வரையறுக்கும் உரிமையும் இல்லையேல் இருக்கை வெறும் மரப்பலகை என்பதை அவர் அறிந்திருந்தார். 1917இல் பட்ட மேற்படிப்புக்கெனக் கலைக்கு ஒன்றும் அறிவியலுக்கு ஒன்றுமாக இரண்டு மன்றங்கள் தோன்றின. முதுகலை வகுப்புகளில் கற்பிக்கும் ஆசிரியர்கள் அவற்றில் உறுப்பினராயினர். ஒவ்வொரு துறைக்கும் உயர்கல்விக் குழு ஒன்று அமைந்தது. எதனைக் கற்பிப்பது, எவ்வாறு தேர்வது என்பவற்றை மூத்த பேராசிரியரும் இளைய விரிவுரையாளரும் ஒரே அவையில் அமர்ந்து ஆய்ந்தனர். இறுதி இசைவு பேரவைக்கு உரியதாயினும், அறிவு சார்ந்த முடிவுகளின் ஊற்றுக்கண் ஆசிரியரிடமே இருந்தது. துணைவேந்தர் பதவியில் இல்லாத ஆண்டுகளிலும் இம்மன்றங்களின் தலைவராக அசுதோஷ் உழைத்தார். இந்தியப் பல்கலைக்கழக ஆட்சியில் ஆசிரியர் குரலுக்கு முறையான இடம் வகுத்த தொடக்ககால ஏற்பாடுகளுள் இது தலையாயது.

தாய்மொழிக்கு அரியணை

1891இல் தோற்ற தீர்மானம் மெல்ல மெல்ல வெற்றி கண்டது. அவர் துணைவேந்தரான பின் வகுக்கப்பட்ட புதிய விதிகள் தாய்மொழிக் கட்டுரைக்குத் தேர்வில் இடம் தந்தன. பள்ளிப் படிப்பையோ கல்லூரிப் படிப்பையோ முறையாக முடிக்காத இரவீந்திரநாத் தாகூருக்கு 1913இல் பல்கலைக்கழகம் மதிப்புறு டாக்டர் பட்டம் வழங்கியது. 1919இல் இந்திய மொழிகளில் முதுகலைப் படிப்பு தொடங்கப்பட்டது. தினேஷ் சந்திர சென் அத்துறையை நடத்தினார். நாட்டு மொழியில் ஆராய என்ன இருக்கிறது என்று கற்றவரே நகைத்த காலம் அது. தம் அன்னையார் பெயரால் அசுதோஷ் நிறுவிய ஜகத்தாரிணிப் பதக்கம் வங்க இலக்கியத்துக்கென வழங்கப்பட்டது. 1921இல் அதனை முதலில் பெற்றவரும் தாகூரே. தாய்மொழியில் பாடும் கவிஞனைப் பல்கலைக்கழகம் எழுந்து நின்று வரவேற்கும் மரபு இவ்வாறு வேரூன்றியது.

உரிமையும் மானியமும்

அரசோடு அவருக்கிருந்த உறவு தொடக்கத்தில் இணக்கமானதே. 1911இல் சர் பட்டமும் கிடைத்தது. ஆனால் 1913இல் அப்துல் ரசூல், அப்துல்லா சுக்ரவர்தி, காசி பிரசாத் ஜயஸ்வால் ஆகிய மூவரை விரிவுரையாளராக்கப் பல்கலைக்கழகம் முற்பட்டபோது, அவர்தம் அரசியல் ஈடுபாட்டைக் காரணம் காட்டி அரசு இசைவு தர மறுத்தது. ஆசிரியரைத் தேரும் உரிமை எவருடையது என்ற பூசல் அன்றே வெளிப்பட்டது.

மறுபுறம், ஒத்துழையாமை இயக்கம் மாணவரைக் கல்லூரிகளிலிருந்து வெளியேற அழைத்தபோது, பல்கலைக்கழகத்தின் கதவை அடைக்க அசுதோஷ் உடன்படவில்லை. அதனால் தேசியவாதிகளின் சினத்துக்கும் ஆளானார். அரசின் ஆளுமல்லர், எதிரணியின் ஆளுமல்லர் என்னும் நிலையில் அவர் தனித்து நின்றார்.

நெருக்கடி 1922இல் முற்றியது. விரிந்து பரந்த துறைகளைத் தாங்கப் பொருள் போதவில்லை. ஆசிரியர்களுக்கு உரிய நாளில் ஊதியம் தர இயலாத நிலை தோன்றியது. வங்க அரசு இரண்டரை இலட்சம் ரூபாய் மானியம் தர முன்வந்தது. கூடவே பல்கலைக்கழகத்தின் நிதி ஆட்சியைத் தன் கண்காணிப்பில் கொண்டுவரும் நிபந்தனைகளையும் விதித்தது. பசித்திருப்போர் முன் வைக்கப்பட்ட சோறு அது. ஆயினும் உரிமையை விலையாகத் தந்து உதவி பெறலாகாது என்று அசுதோஷ் பேரவையில் முழங்கினார். மானியம் மறுக்கப்பட்டது. அம்மறுப்பின் சுமையைத் தாங்கியோர் ஊதியம் தாமதப்பட்ட ஆசிரியர்களே என்பதையும் மறத்தலாகாது.

1923 மார்ச்சில் ஆளுநரும் வேந்தருமான லிட்டன் பிரபு, அரசின் கொள்கைகளை எதிர்க்காது ஒத்துழைப்பதாக உறுதி தந்தால் பதவி நீட்டிக்கப்படும் என எழுதினார். அசுதோஷ் அஞ்சாது மறுப்புக் கடிதம் விடுத்தார். தம் அன்பு மகள் கமலாவை இழந்த துயரம் ஆறாத காலம் அது. இளமையில் கைம்மை எய்திய அம்மகளுக்கு, சுற்றத்தாரின் எதிர்ப்பைப் பொருட்படுத்தாது 1908இல் மறுமணம் செய்வித்தவர் அவர். இல்லத்தில் காட்டிய அதே உறுதியைப் பல்கலைக்கழகத்திலும் காட்டினார்.

குறையும் நிறையும்

அசுதோஷின் ஆட்சியைக் குறை கூறியோரும் உளர். பேரவையில் தம் சொல்லுக்கு மாறுபடாதவரையே நிரப்பினார் என்றும், தேர்ச்சி விழுக்காடு பெருகியதால் தரம் தாழ்ந்தது என்றும், வருவாய்க்கு மிஞ்சித் துறைகளைப் பெருக்கினார் என்றும் வரலாற்றறிஞர் யதுநாத் சர்க்கார் போன்றோர் கண்டித்தனர். இக்குற்றச்சாட்டுகளை முற்றும் தள்ளிவிட இயலாது. ஆசிரியரின் ஆட்சியை வலியுறுத்தியவர் தாமே தனியாட்சியின் சாயல் கொண்டிருந்தார் என்பது வரலாறு காட்டும் முரண். ஆயினும், அவர் பெருக்கிய துறைகளிலிருந்தே உலகம் மதிக்கும் ஆராய்ச்சிகள் தோன்றின என்பதும் மறுக்க இயலாத உண்மை.

இறுதியும் எச்சமும்

நீதிபதிப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்ற பின், வழக்கு ஒன்றின் பொருட்டுப் பாட்னா சென்றிருந்த அசுதோஷ், 1924ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் அங்கேயே காலமானார். அப்போது அவருக்கு அறுபது வயதுகூட நிரம்பவில்லை. நான்காண்டுகள் கழித்து, 1928 பிப்ரவரியில், அவர் அழைத்துவந்த இராமன் ஒளிச்சிதறலில் புதிய விளைவைக் கண்டறிந்தார். 1930இல் நோபல் பரிசும் வந்தது. 1937இல் அதே பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழாவில் தாகூர் வங்க மொழியிலேயே உரையாற்றினார். இவ்விரண்டையும் காண அசுதோஷ் இல்லை. அவர் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த 80,000க்கும் மேற்பட்ட நூல்களை அவர்தம் குடும்பத்தார் 1949இல் தேசிய நூலகத்துக்கு வழங்கினர்.

கணித இருக்கை அவருக்கு இறுதிவரை கிட்டவே இல்லை. 1908இல் தாம் நிறுவிய கல்கத்தாக் கணிதக் கழகத்தின் கூட்டங்களே அப்பழைய ஆசைக்கு ஆறுதலாயின. தமக்கு மறுக்கப்பட்டதைப் பிறருக்கும் மறுத்து மனம் ஆறுவோர் பலர். மறுக்கப்பட்டதன் அருமையை உணர்ந்து, அதனைத் தகுதியுடையோர்க்கெல்லாம் தேடித் தருவோர் சிலர். அசுதோஷ் அச்சிலருள் ஒருவர். மூத்த ஆசான் என்பவன் தன் இருக்கையைக் காத்துக்கொள்வதோடு நில்லாது, அடுத்து வருவோர்க்கு இருக்கை அமைத்து, அவர் அச்சமின்றி அமர்ந்து சிந்திக்க அவையின் உரிமையையும் காத்துத் தர வேண்டும் என்பதை அவர் வாழ்ந்து காட்டினார்.