தருமவான் பச்சையப்ப முதலியார் சரித்திரம்

செல்வத்தைத் தேடுதல் அரிது. தேடியதைத் தருமத்திற்கென ஒதுக்குதல் அதனினும் அரிது. ஒதுக்கிய தருமம் சிதையாது காக்கப்படுதலோ யாவற்றினும் அரிது. இவ்வுண்மைக்குச் சான்றாய் விளங்கும் ஒரு பெரியாரின் வரலாற்றை நம் அங்கத்தினர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

காஞ்சீபுரத்து விசுவநாத முதலியாருக்கும் பூச்சி அம்மாளுக்கும் புதல்வராய் 1754-ஆம் ஆண்டில் பச்சையப்பர் தோன்றினார். தந்தையாரின் முகத்தை அவர் கண்டாரில்லை. அவர் பிறக்கு முன்னரே தந்தையார் காலஞ்சென்றனர். பெண்மக்களோடு துணையற்று நின்ற அன்னையார், பெரியபாளையத்திற் சிலகாலம் வாழ்ந்து, பின்னர்ச் சென்னைக்கு வந்து, பௌனி நாராயண பிள்ளை என்னும் துபாஷியின் ஆதரவை அடைந்தார். துபாஷி என்பார் இருமொழியும் அறிந்து, ஆங்கில வர்த்தகர்க்கும் நாட்டார்க்கும் இடைநின்று காரியம் முடிப்பவர். அப்பெரியாரிடத்தில் இளம் பச்சையப்பர் ஆங்கிலமும் கணக்கும் வர்த்தக நுட்பங்களும் பயின்றார்.

இளமையிலேயே தாமும் துபாஷியாகி, சென்னையிலும் தஞ்சைச் சீமையிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திப் பெரும்பொருள் ஈட்டினார். கோமளேசுவரன்பேட்டையில் இல்லம் அமைத்துக்கொண்டு, அந்நாளிற் கூவம் நதியில் நீராடி ஆலயஞ்சென்று வழிபடுதலை நியமமாகக் கொண்டிருந்தார். ஈட்டுவதில் எத்துணை ஊக்கமோ, அத்துணை ஊக்கம் ஈவதிலும் அவர்க்கு இருந்தது.

1794-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 22-ஆம் நாள், கும்பகோணத்தில் நோயுற்றிருந்த காலையில், தம் செல்வத்தைத் தெய்வ கைங்கரியங்களுக்கும் தருமங்களுக்கும் உரித்தாக்கி மரண சாசனம் எழுதிவைத்தார். அம்மாதம் 31-ஆம் நாள் உயிர் நீத்தார். அப்போது அவர்க்கு வயது 40.

இனி நிகழ்ந்ததே நாம் கருத்தூன்றிக் கற்கத்தக்கது. சாசனம் இருந்தும் தருமம் நடைபெறவில்லை. உரிமை கொண்டாடினோர் பலர், வழக்குகள் நீண்டன, ஆண்டுகள் கழிந்தன. சென்னைச் சுப்ரீம் கோர்ட்டில் அட்வகேட் ஜெனரலாயிருந்த ஹெர்பர்ட் காம்ப்டனும், அவர்க்குப் பின் வந்த ஜார்ஜ் நார்ட்டனும் இப்பொருளைக் கைவிடாது வாதாடி மீட்டனர். வட்டியோடு பெருகி நின்ற தொகையில், ஆலயக் கட்டளைகளுக்கு ஒதுக்கியது போக எஞ்சியதைக் கல்விக்குச் செலவிடுமாறு கோர்ட்டார் திட்டம் வகுத்தனர். சாசனத்தில் ஆங்கிலப் பள்ளி என்னும் பேச்சே இல்லை. ஆயினும் ஏழைச் சிறுவர்க்கு இலவசமாய் ஆங்கிலமும், அதனோடு தமிழும் தெலுங்கும் கற்பிக்கும் பள்ளி, 1842-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதல் நாள் சென்னைக் கறுப்பர் பட்டணத்தில் திறக்கப்பெற்றது. அவர் மறைந்து 47 ஆண்டுகள் கடந்த பின்னரே அவர் பெயரால் ஒரு சிறுவன் சிலேட்டைக் கையில் ஏந்தினான்.

1846-இல் கால்கோள் செய்யப்பட்டு, கிரேக்க ஆலயமொன்றன் அமைப்பைத் தழுவி எழுந்த பச்சையப்பர் மண்டபத்தை 1850-இல் கவர்னர் சர் ஹென்றி பாட்டிஞ்சர் திறந்துவைத்தார். பள்ளி வளர்ந்து 1889-இல் முதல்தரக் கல்லூரியாயிற்று. கணித மேதை இராமாநுஜனும், பிற்காலத்தில் முதலமைச்சரான அண்ணாதுரையும் அக்கல்லூரியிற் பயின்றவரே. ஒரு குறையையும் நாம் மறைத்தற்கில்லை: 1947 வரையில் இந்துக்களல்லாதார்க்கு அதன் வாயில் திறக்கப்பட்டிலது.

அன்பர்களே! பச்சையப்பர் கொடுத்தார்; காத்தவர் பிறர். காப்பார் இன்றேல் அப்பெரும்பொருள் வழக்கிலேயே கரைந்திருக்கும்; அவர் பெயரும் மறைந்திருக்கும். தருமஞ்செய்ய எண்ணுவோர் உடல்நலத்தோடு இருக்கும்போதே அதனைத் தெளிவாக எழுதிவைத்து, நம்பத்தக்கோரை நியமித்தல் வேண்டும். முன்னோர் வைத்த கட்டளைகள் நம்மூர்களில் எந்நிலையில் உள்ளன, கணக்கு யார் கையில் உள்ளது என்று ஒவ்வொருவரும் வினவுதல் வேண்டும். புதிதாகக் கொடுக்க இயலாதார்க்கும் காத்தல் இயலும்; அதுவும் தருமமே.