எர்னஸ்ட் சார்லஸ் ட்ரூரி

எர்னஸ்ட் சார்லஸ் ட்ரூரி (ஜனவரி 22, 1878 – பெப்ரவரி 17, 1968) கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தின் 8வது முதல்வர் ஆவார். விவசாயியான இவர், 1914 இல் தொடங்கப்பட்ட ஒன்ராறியோ ஐக்கிய விவசாயிகள் அமைப்பின் முதல் தலைவரும் ஆவார்.

வாழ்க்கைக் குறிப்பு

ட்ரூரி கிரவுன் ஹில் என்ற ஊரில் பிறந்தார். இவரது தந்தை சார்லஸ் ட்ரூரி மாகாணத்தின் முதல் விவசாய அமைச்சர். ட்ரூரி 1900 இல் ஒன்ராறியோ விவசாயக் கல்லூரியில் பட்டம் பெற்றார்.

ஆட்சி

முதல் உலகப் போரின்போது விவசாயிகளின் மகன்களுக்குக் கட்டாயப் படைச்சேவையிலிருந்து அளிக்கப்பட்டிருந்த விலக்கு 1918 இல் நீக்கப்பட்டது. இது பெரும் எதிர்ப்பை உருவாக்கியது. 1919 தேர்தலில் விவசாயிகள் அமைப்பு மற்றக் கட்சிகளைவிடக் கூடுதலான இடங்களை வென்றது. ஆனால் பெரும்பான்மை கிட்டவில்லை. சட்டமன்றத் தலைவர் எவரும் அதற்கு இருக்கவில்லை. தேர்தலில் போட்டியிடாத ட்ரூரி முதல்வராகத் தெரிவு செய்யப்பட்டு, தொழிற்கட்சியுடன் கூட்டணி அரசை அமைத்தார். 1920 இடைத்தேர்தலில் ஹால்ட்டன் தொகுதியில் வென்று சட்டமன்றம் சென்றார்.

ஆதரவற்ற தாய்மாருக்கான உதவித்தொகை, பெண் தொழிலாளருக்கான குறைந்தபட்ச ஊதியம், காடு வளர்ப்பு ஆகியன இவரது ஆட்சியின் முக்கிய பணிகளாகும்.

பிளவும் தோல்வியும்

அமைப்பை அனைத்துத் தரப்பினருக்குமான கட்சியாக விரிவாக்க ட்ரூரி விரும்பினார். அது விவசாயிகளின் அமைப்பாகவே நீடிக்க வேண்டும் என்று அதன் செயலாளர் ஜே. ஜே. மொரிசன் எதிர்த்தார். இப்பிளவு ஆட்சியைப் பலவீனப்படுத்தியது. 1923 தேர்தலில் ஹோவர்ட் பெர்குசன் தலைமையிலான பழமைவாதக் கட்சி வென்றது. ட்ரூரி தன் தொகுதியையும் இழந்தார்.

பின்னர் இவர் சிம்கோ மாவட்டத்தின் ஷெரிப்பாகப் பணியாற்றினார். இவரது தன்வரலாறு 1966 இல் வெளிவந்தது.