ஞாயிற்றை ஆய்ந்த எவர்ஷெட்

தமிழகத்தின் மலைகளுள் பழனி மலைத்தொடர் எழில் மிக்கது. அதன்கண், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 7,700 அடி உயரத்தில், கோடைக்கானல் வானாய்வு நிலையம் அமைந்துள்ளது. ஞாயிற்றை ஆராய்வதற்கென 1899ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இந்நிலையத்தின் பெயரை உலகறியச் செய்த பெருமை ஜான் எவர்ஷெட் என்னும் ஆங்கில அறிஞரைச் சாரும்.

எவர்ஷெட் 1864ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 26ஆம் நாள் இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்துக் காம்ஷல் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே வானநூலில் வேட்கை மிக்கவராய் விளங்கினார். எனினும், ஒரு நிறுவனத்தில் பணிபுரிந்தே பொருளீட்ட வேண்டியிருந்தது. ஓய்வு நேரத்தை எல்லாம் அவர் கதிரவனுக்கே அளித்தார். 1890ஆம் ஆண்டில் கென்லி என்னும் ஊரில் தமக்கென ஓர் ஆய்வகம் அமைத்துக்கொண்டார். வேண்டிய கருவிகளைத் தம் கையாலேயே ஆக்கும் பழக்கம் அவரிடம் அங்கு வேரூன்றியது.

ஞாயிற்றின் வெண்ணொளி பல நிறங்களின் கூட்டமாகும். அவ்வொளியை முப்பட்டகக் கண்ணாடியின் வழியே செலுத்தினால் நிறங்கள் பிரிந்து நிறமாலையாகத் தோன்றும். அதனூடே கரிய கோடுகள் பல காணப்படும். அவற்றுள் ஒரு கோட்டின் ஒளியை மட்டும் பிரித்தெடுத்து, அதனைக் கொண்டு ஞாயிற்றின் உருவத்தைத் தகட்டில் சிறிது சிறிதாகப் பதிவு செய்யும் படக்கருவியும் உண்டு. இத்தகைய கருவி ஒன்றை எவர்ஷெட் தாமே அமைத்திருந்தார்.

1907ஆம் ஆண்டில் அவர் தம் மனைவியாருடன் கோடைக்கானலுக்கு வந்து சேர்ந்தார். அவ்வம்மையார் மேரியும் வானநூல் வல்லவர். அக்காலத்தில், ஞாயிற்றின் கரும்புள்ளிகளில் வாயுக்கள் சுழற்காற்றைப் போலச் சுழலும் என்னும் கருத்து அறிஞரிடையே நிலவியது. அச்சுழற்சியைக் காணும் நோக்குடன் எவர்ஷெட் தாம் அமைத்த நிறமாலைக் கருவியைக் கொண்டு படம் எடுத்தார்.

ஒளிதரும் பொருள் நம்மை விட்டு அகன்றால் அதன் நிறமாலைக் கோடுகள் சிவப்புப் பக்கமாகவும், நம்மை நெருங்கினால் ஊதாப் பக்கமாகவும் விலகும். 1909ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 5ஆம் நாள் எடுத்த படத்தில் கோடுகள் விலகியே இருந்தன. ஆனால், அவ்விலகல் சுழற்சியைக் காட்டவில்லை. தாம் எதிர்பார்த்ததற்கு மாறானது தோன்றவே, எவர்ஷெட் மனம் தளரவில்லை. தம் கருத்திற்கேற்பச் சான்றை வளைக்கவும் இல்லை. கருவியின் ஒளிப்பிளவைப் பல கோணங்களில் திருப்பியும், பல கரும்புள்ளிகளை நோக்கியும் மீண்டும் மீண்டும் ஆராய்ந்தார். கரும்புள்ளியின் விளிம்பை நோக்கி வாயுக்கள் ஆரக்கால்கள்போல் வெளிப்புறமாகப் பாய்கின்றன என்னும் உண்மை புலனாயிற்று. வினாடிக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர் விரைவுடைய அப்பாய்ச்சி, எவர்ஷெட் விளைவு என இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

1911ஆம் ஆண்டில் அவர் நிலையத்தின் இயக்குநரானார். முன்பே அங்கிருந்த படக்கருவியின் அசையும் சட்டத்தோடு புதிய கருவி ஒன்றை இணைத்து, ஹைட்ரஜனின் செந்நிற ஒளியிலும் ஞாயிற்றைப் படம்பிடிக்க வழிசெய்தார். நாள்தோறும் அங்கு எடுக்கப்பெற்ற படங்கள் நூறாண்டு வரலாறு உடைய அரிய செல்வமாக இன்று போற்றப்படுகின்றன. 1918ஆம் ஆண்டில் அரச வானியற் கழகம் அவருக்குப் பொற்பதக்கம் அளித்துச் சிறப்பித்தது.

1923ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றுத் தாயகம் மீண்ட பின்னரும் அவர் கைகள் ஓயவில்லை. யூஹர்ஸ்ட் என்னும் ஊரில் மீண்டும் ஓர் ஆய்வகம் அமைத்தார். பெரிய முப்பட்டகத்தை முழுக் கண்ணாடியில் வார்ப்பது அரிது, பொருட்செலவும் மிகுதி. ஆகவே, உள்ளீடற்ற பட்டகங்களில் நீர்மத்தை நிரப்பிப் பயன்படுத்தினார். வெப்பம் சிறிது மாறினும் நீர்மத்தில் ஒளி வளையும் அளவு மாறும். அதனைப் பொறுமையுடன் காத்தே அவர் பணி செய்தார். எண்பத்தாறாம் அகவையில் அவ்வாய்வகத்தை மூடினார். 1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 17ஆம் நாள் உலக வாழ்வை நீத்தார்.

விலையுயர்ந்த கருவி இல்லையே என்று வாளா இருப்போர் பலர். இருப்பதைக் கொண்டு கருவி செய்தவர் எவர்ஷெட்; அக்கருவி காட்டிய உண்மைக்குத் தம் கருத்தை விட்டுக்கொடுத்தவரும் அவரே. கைத்திறனும் நேர்மையும் ஒருங்கே அமைந்த அவர்தம் வாழ்வு மாணவர்க்கு நல்லதொரு வழிகாட்டியாகும்.