சபையில் கிடந்த கேள்வி

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்திலே கிடைத்த பல்லவர் செப்பேடு ஒன்று உண்டு. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மன், அந்த ஊர்க் கோயிலுக்கு நிலம் விட்டான். பூசைக்கு வழி செய்தான். மண்டபத்தில் பாரதம் படிப்பதற்கும் மானியம் வைத்தான். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் ஓடிவிட்டன. தொண்டை மண்டலத்து ஊர்களில் அந்தப் பாரதம் இன்றும் தெருக்கூத்தாக விடிய விடிய ஆடப்படுகிறது. துகிலுரியும் கட்டம் வந்ததும் கூட்டம் மூச்சடங்கி நிற்கும். வழிவழியாகத் திரௌபதி வேடம் கட்டுபவனும் ஆண். துகிலைப் பற்றி இழுப்பவனும் ஆண். தன்னையே சூதில் தோற்றுவிட்டவனுக்கு, மனைவியைப் பணயம் வைக்க உரிமை ஏது என்று கேட்கிறாள் அவள். சபையிலே உள்ள பெரியவர்கள் தலை கவிழ்கிறார்கள். பொழுது விடிந்ததும் நாமும் பாயைச் சுருட்டிக்கொண்டு தறிக்கும் கழனிக்கும் போய்விடுகிறோம். கேள்வி மட்டும் அங்கேயே கிடக்கிறது.

பெண்ணடிமை குறித்து ஒரு மாலையில் நாலைந்து சிறு நாடகங்கள் போடலாமென்று கிளைத் தோழர்கள் நினைப்பதுண்டு. அப்படி நினைப்பவர்கள் முதலில் படிக்கவேண்டியது, அதே காஞ்சி மண்ணில் பிறந்து, கிடந்த கேள்வியை எடுத்து மேடைமேல் வைத்த அண்ணாவின் வாழ்க்கையை.

1909 செப்டம்பர் 15இல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை நடராசன், தாய் பங்காரு அம்மாள். ஆனால் வளர்த்து ஆளாக்கியவர் சிற்றன்னை இராசாமணி அம்மையார். அண்ணாவுக்கு அவர் தொத்தா. கொஞ்ச காலம் நகராட்சியிலே எழுத்தர் வேலை, பிறகு பச்சையப்பன் கல்லூரி, 1934இல் பெரியாருடன் சந்திப்பு, 1942இல் காஞ்சியிலிருந்து திராவிட நாடு. இவையெல்லாம் தோழர்கள் அறிந்தவையே. நாம் சொல்ல வந்தது நாடகத்தை.

1943இல் சந்திரோதயம். ஏட்டை நடத்தவேண்டும், கொள்கையைப் பரப்பவேண்டும். இரண்டுக்கும் மேடை உதவிற்று. எழுதியவரே அரிதாரம் பூசி நடித்தார். படித்தவர்கள் கூத்தாடி என்று ஏசிய காலம் அது! அடுத்து, சிவாஜி கண்ட இந்து ராஜ்யத்தில் காகபட்டராக வந்தார். சிவாஜியாக நின்றவர் வி.சி.கணேசன். அந்தக் கணேசனும் நாடகக் கம்பெனிகளில் பெண் வேடம் கட்டிப் பழகியவரே.

நடிப்பிசைப் புலவர் கே.ஆர்.இராமசாமியின் குழுவுக்காக எழுதியது ஓர் இரவு. ஜமீன்தார் ஒருவரின் இரகசியம் ஒரு கயவன் கையிலே புகைப்படமாக இருக்கிறது. வாயை மூட அவன் கேட்கும் விலை, அவருடைய மகள் சுசீலா. தந்தையின் பழிக்கு மகள் பணயம்! அத்தினாபுரத்துச் சூது இங்கே ஜமீன் மாளிகைக்கு வந்துவிட்டது. கிருஷ்ணன் மட்டும் வரவில்லை. அன்றிரவு வந்து நுழைபவன் ஒரு திருடன். அவனும், அந்த ஜமீன்தார் கைவிட்ட ஒரு பெண்ணின் மகன். நாடகத்தைப் பார்த்த கல்கி, மேனாட்டு நாடகாசிரியர்களான ஷாவுக்கும் இப்சனுக்கும் நிகராக அண்ணாவை வைத்துப் புகழ்ந்தார். மாற்று முகாமிலிருந்து வந்த புகழ் அது.

வேலைக்காரியில் வட்டிக்கடை வேதாசல முதலியார் வீட்டிலே பாத்திரம் தேய்த்தவள் அமிர்தம். வேலைக்காரியாக இருந்தவரை வாசற்படிக்கு வெளியே. பணக்காரர் மகளாக வேறு பெயரிலே வந்தால் மணமேடைமேல். பெண் அவளேதான்! 1949இல் இது படமாகவும் வந்து ஊரெல்லாம் ஓடிற்று.

ஒரு குறையையும் நாம் மறைக்க விரும்பவில்லை. இந்த நாடகங்களிலே சூழ்ச்சியை முறிப்பவன் பெரும்பாலும் ஓர் ஆண். வேலைக்காரியில் வரும் வழக்கை ஆனந்தன்தான் நடத்துகிறான். இப்சனின் நோரா 1879இலேயே கதவைச் சாத்திக்கொண்டு தானாக வெளியேறிவிட்டாள். நம் கதாநாயகிகளுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. இன்று சிறு நாடகம் எழுதும் தோழர், சுசீலாவின் கையிலேயே அந்தப் புகைப்படத்தைக் கொடுத்துப் பார்க்கட்டும்.

ஆனால் மேடையோடு நின்றவரல்ல அண்ணா. புரோகிதரின்றி மாலை மாற்றி மணந்த ஆயிரக்கணக்கான இணையர் நாட்டிலே இருந்தனர். 1953இல் சென்னை உயர்நீதிமன்றம், அத்தகைய திருமணம் சட்டப்படி செல்லாது என்றது. அடி விழுந்தது யார்மேல்? ஆண் அப்போதும் ஆண்தான். அவனை நம்பி மாலை ஏற்றவளோ சட்டத்தின் ஏட்டிலே மனைவி அல்லள். அவள் பெற்ற பிள்ளையின் சொத்துரிமையும் கேள்விக்குறி. கொள்கைக்காகத் துணிந்து நின்ற குடும்பத்திலும் பணயமானவள் பெண்ணே.

1967இல் ஆட்சிப்பொறுப்பு ஏற்ற அண்ணா, அந்த ஆண்டிலேயே இந்து திருமணச் சட்டத்துக்குத் திருத்தம் கொண்டுவந்தார். உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகத் தெரிந்த மொழியிலே சொல்லி, மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ போதும், திருமணம் செல்லும். இனி நடப்பவற்றுக்கு மட்டுமல்ல, முன்பு நடந்தவற்றுக்கும் பொருந்தும் என்று எழுதப்பட்டது.

அதற்குப் பின் அவர் நெடுநாள் இருக்கவில்லை. 1969 பிப்ரவரி 3இல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. 1929இல், காஞ்சிக்குப் பக்கத்துச் செங்கற்பட்டிலே சுயமரியாதை மாநாடு கேட்ட பெண்ணின் சொத்துரிமை, 1989இல் கலைஞர் ஆட்சியிலேதான் சட்டமாயிற்று. அதைக் காண அண்ணா இல்லை. ஆனால் பத்து, இருபது ஆண்டுகளுக்கு முன் ஊர் மேடைகளிலே மாலை ஏற்ற பெண்கள், 1967இன் திருத்தத்தால் மறுபடி மணம் செய்துகொள்ளாமலே சட்டப்படி மனைவியரானார்கள்.