டைனிங் ரூமில் நடந்த கொலை... செடி விஷத்தைப் பிடித்துக்கொடுத்த ஸ்டாஸ்!

புகையிலை, ஊமத்தை, எட்டி... இந்த மூணுக்கும் ஒரு ஒற்றுமை இருக்கு, தெரியுமா? மூன்றிலும் இருப்பது ஆல்கலாய்டு எனும் தாவர நஞ்சு. இன்னிக்கு இது சாப்பாட்டில் துளி கலந்தாலும் லேபில் மாட்டிக்கும். ஆனா, 1850 வரைக்கும் கதையே வேற. ஆர்சனிக்கைக் கண்டுபிடிக்க சோதனை இருந்தது. செடி விஷம் உடம்புக்குள் போய்விட்டால் தேடி எடுக்கவே முடியாது என்று பெரிய நிபுணர்களே கைவிரித்த காலம் அது.

அதை மாற்றியவர் ழான் செர்வே ஸ்டாஸ். 1813-ல் பெல்ஜியத்தின் லுவென் நகரில் பிறந்தவர். படிச்சது மருத்துவம், மனசு போனது வேதியியல் பக்கம். பாரிஸில் டூமா என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து கார்பனின் அணு எடையைத் திருத்தினார். பிறகு பிரஸ்ஸல்ஸ் ராணுவப் பள்ளியில் பேராசிரியர்.

1850 நவம்பர் 20. பெல்ஜியத்தில் ஒரு பிரபுவின் மாளிகை. கடனில் மூழ்கிக் கிடந்த பொகார்மே பிரபுவோடு விருந்து சாப்பிட்ட மைத்துனர் குஸ்தாவ், அதே டைனிங் ரூமில் இறந்துகிடந்தார். குஸ்தாவ் போனால் சொத்து பிரபுவின் மனைவிக்கு! உடல் உறுப்புகள் ஸ்டாஸின் லேபுக்கு வந்தன.

அவர் செஞ்சது என்னன்னு பாருங்க. அமிலம் சேர்ந்தால் ஆல்கலாய்டு உப்பாக மாறி ஆல்கஹாலில் கரையும். அப்படிக் கரைத்து, வடிகட்டி, கொழுப்பையும் சதையையும் ஒதுக்கினார். அடுத்து காரம் சேர்த்தார். மிளகாய்க் காரம் இல்லீங்க, சுண்ணாம்பு மாதிரி வேதியியல் காரம்! இப்போது நஞ்சு உப்பிலிருந்து விடுபடும். ஈதர் ஊற்றிக் குலுக்கினால் அதற்குள் ஏறிக்கொள்ளும். ஈதர் ஆவியானதும் மிஞ்சியது, புகையிலை வாசனையோடு எண்ணெய் போன்ற திரவம். நிகோடின்!

புகையிலையிலிருந்து நிகோடினை வடித்தெடுத்தவர் பிரபுவேதான். 1851-ல் அவர் தலை கில்லட்டினில் உருண்டது. ஸ்டாஸ் தன் முறையை ரகசியமாக வச்சுக்கலை, வெளியிட்டார். ஜெர்மனியின் ஓட்டோ அதை மெருகேற்ற, ‘ஸ்டாஸ்-ஓட்டோ முறை’ என்று பெயர் நிலைத்தது. பின்னாளில் தொண்டை நோய் வந்து பாடம் நடத்த முடியாமல் போனது. ஆனாலும், ஆராய்ச்சியை விடலை. 1891-ல் மறைந்தார்.

இதெல்லாம் பழைய கதைன்னு நினைக்காதீங்க. 2019-ல் உகாண்டாவில் நிவாரணமாகக் கொடுத்த சத்துமாவைச் சாப்பிட்டு நூற்றுக்கணக்கானோர் நோயுற்றனர்; சிலர் இறந்தனர். மாவைச் சோதித்தபோது சிக்கியது ஊமத்தை இனச் செடிகளின் நஞ்சுகளான அட்ரோபினும் ஸ்கோபோலமைனும். வயலில் களையாக முளைக்கும் செடியின் விதை, அறுவடையில் தானியத்தோடு கலந்துவிட்டாலே போதும், இந்த ஆபத்து வந்துடும்.

இன்று கணக்குச் சொல்வது நவீன மெஷின்கள். அதுக்கு முன்னாடி மாவிலிருந்து நஞ்சைப் பிரித்தெடுக்க, பல லேப்களில் இன்றும் அமிலம் ஊற்றித்தான் ஆரம்பிக்கிறார்கள். நம்ம தட்டுக்கு வரும் தானியத்துக்கு, 170 வருஷத்துக்கு முந்தைய ஸ்டாஸின் அந்த யோசனை இன்னமும் காவல் நிற்குது!