ஊர்தோறும் சென்ற ஆட்ட ஆசான் பெலா குட்மன்

கால்பந்து உலகில் பெலா குட்மன் என்னும் பெயரைக் கேட்டவுடன் பலர் நினைவிலும் எழுவது ஒரு சாபம். போர்த்துகல் நாட்டின் பென்ஃபிகா அணியை இருமுறை ஐரோப்பாவின் முதலிடத்துக்கு உயர்த்திய அந்தப் பயிற்சியாளர், 1962இல் மனக்கசப்போடு விடைபெற்றபோது, இன்னும் நூறாண்டுக் காலம் இவ்வணி ஐரோப்பியக் கோப்பையைத் தொடாது என்று சொல்லிச் சென்றதாக ஒரு கதை வழங்கிவருகிறது. அறம் பாடிய புலவரின் சொல் பலித்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்க்கு இது புதுமையன்று. ஆயினும் எண்பத்திரண்டு ஆண்டு வாழ்ந்த ஒரு மனிதரை இந்த ஒரு சொல்லுக்குள் அடைத்துவிடலாகாது. அவர் சொன்னதாகக் கூறப்படுவதைக் காட்டிலும், அவர் சொல்லாமல் விட்டுச்சென்றது பெரிது.

நடன ஆசிரியர்களின் மகன்

1899 சனவரி 27ஆம் நாள் புடாபெஸ்ட் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் குட்மன் பிறந்தார். தாய், தந்தை இருவரும் நடனம் கற்பிப்பவர்கள். மகனும் பதினாறு வயதிலேயே நடன ஆசிரியருக்கான தகுதியைப் பெற்றார். ஆனால் அவர் கால்கள் நாடியது பந்தை. அந்நகரின் புகழ்பெற்ற எம்.டி.கே. கழகத்தில் சேர்ந்து, சென்டர் ஹாஃப் என்று வழங்கும் நடுவிடத்தில் ஆடினார். பந்தை உயர உதைத்து அதன் பின்னே ஓடாமல், தரையோடு தரையாக ஒருவர்க்கொருவர் கடத்தி ஆடும் முறை அங்கு வேரூன்றியிருந்தது. அதனை அங்குக் கற்பித்தவர் ஜிம்மி ஹோகன் என்னும் ஆங்கிலேயர். தாளம் அறிந்த நடனக்காரருக்கு அம்முறை இயல்பாகவே கைவந்தது.

முதல் உலகப் போருக்குப் பின் ஹங்கேரியில் ஹோர்த்தி ஆட்சி அமைந்தது. யூதர்மீது வன்முறை பெருகியது. பல்கலைக்கழகங்களில் அவர்கள் சேர்வதற்கு வரம்பு கட்டும் சட்டம் 1920இல் வந்தது. குட்மன் தாய்நாட்டைவிட்டு வியன்னா சென்றார். அங்கே 1909இல் தோன்றிய ஹகோவா என்னும் யூத விளையாட்டுக் கழகம் இருந்தது. ஹகோவா என்னும் எபிரேயச் சொல்லுக்கு வலிமை என்பது பொருள். யூதர் உடல் வலுவற்றவர் என்னும் இழிமொழிக்குக் களத்திலேயே விடை சொல்ல எழுந்த கழகம் அது. 1924-25ஆம் பருவத்தில் அக்கழகம் ஆஸ்திரிய லீக் பட்டத்தை வென்றது. வென்ற அணியில் குட்மனும் ஒருவர்.

1924இல் பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்கு ஹங்கேரி அணியில் அவர் சென்றார். உடன் வந்த அதிகாரிகளின் எண்ணிக்கை ஆட்டக்காரர்களின் எண்ணிக்கையை விஞ்சியிருந்தது. தங்கிய விடுதியோ இரவெல்லாம் ஆரவாரம் மிக்கது. குட்மன் முறையிட்டும் பயனில்லை. செத்த எலிகளை அதிகாரிகளின் அறைக் கதவுகளில் கட்டித் தொங்கவிட்டார் என்பர். எகிப்திடம் 3-0 என்று ஹங்கேரி தோற்றுத் திரும்பியது. அதன்பின் தேசிய அணியில் அவருக்கு இடமில்லை. அதிகாரத்தின் முன் குனியாத இயல்பு அவ்வயதிலேயே அவரிடம் முற்றியிருந்தது.

கடல் கடந்த வாழ்வு

1926இல் ஹகோவா அணி அமெரிக்கப் பயணம் மேற்கொண்டது. நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் திடலில் அதன் ஆட்டத்தைக் காண 46,000 பேர் திரண்டனர். அந்நாட்டின் வரவேற்பையும் வருவாயையும் கண்ட ஆட்டக்காரர் பலர் அங்கேயே தங்கிவிட்டனர். குட்மனும் தங்கினார். நியூயார்க் அணிகளுக்கு ஆடிப் பொருள் ஈட்டினார். மதுவிலக்கு நடப்பில் இருந்த அந்நாளில் மறைவாக நடந்த ஒரு மதுக்கடையில் பங்கும் கொண்டார். 1929இல் பங்குச்சந்தை சரிந்தபோது சேர்த்த செல்வமும் சரிந்தது. 1932இல் வியன்னா திரும்பினார். பொருளைப் பற்றியும் ஒப்பந்தத்தைப் பற்றியும் பின்னாளில் அவர் காட்டிய கறார்த்தன்மைக்கு இந்த இழப்பும் ஒரு காரணமாகலாம்.

1933இல் பயிற்சியாளர் பணி தொடங்கியது. முதலில் ஹகோவா, பின்னர் நெதர்லாந்தின் என்ஸ்கெடே, மீண்டும் ஹகோவா. 1938 மார்ச்சில் இட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியதும் ஹகோவா கழகம் கலைக்கப்பட்டது. குட்மன் புடாபெஸ்ட் திரும்பி உய்பெஷ்ட் அணியை ஏற்றார். ஒரே பருவத்தில் ஹங்கேரி லீக் பட்டத்தையும், நடு ஐரோப்பியக் கழகங்கள் மோதிய மித்ரோபா கோப்பையையும் அவ்வணி வென்றது. அது 1939. அதன்பின் அவர் வாழ்க்கைக் குறிப்பில் ஆறு ஆண்டுகள் வெற்றிடமாக நின்றன.

பரணும் முகாமும்

அந்த வெற்றிடத்தை நெடுங்காலம் ஊகங்களே நிரப்பின. அவர் சுவிட்சர்லாந்தில் பாதுகாப்பாக இருந்தார் என்று எழுதியோர் உண்டு. 1964இல் வெளிவந்த அவருடைய வாழ்க்கை நூலும் இப்பகுதியை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகிறது. அவ்வாண்டுகளைப் பற்றிப் பலர் எழுதிவிட்டனர், வாசகரை மேலும் வருத்த வேண்டியதில்லை என்பதே அதில் அவர் காட்டிய காரணம். உண்மை விரிவாக வெளிப்பட்டது டேவிட் போல்சோவர் என்னும் ஆய்வாளர் 2017இல் வெளியிட்ட நூலால்.

1944 மார்ச்சில் செர்மானியப் படை ஹங்கேரிக்குள் புகுந்தது. மே நடுப்பகுதிக்கும் சூலைத் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட எட்டு வாரங்களில் ஏறத்தாழ 4,37,000 யூதர் ரயில்களில் அடைக்கப்பட்டு அனுப்பப்பட்டனர். மிகப் பெரும்பாலோர் சென்று சேர்ந்த இடம் ஆஷ்விட்ஸ். குட்மன் அப்போது புடாபெஸ்டை ஒட்டிய உய்பெஷ்டில் ஒரு முடிதிருத்தகத்தின் மேலிருந்த பரணில் மறைந்து கிடந்தார். அவரை ஒளித்துவைத்தவர், பின்னாளில் அவருக்கு மனைவியான மரியானின் உடன்பிறந்தவர். அவர்கள் யூதர் அல்லர். பிடிபட்டால் தங்கள் உயிருக்கும் உறுதியில்லை என்று அறிந்தே அடைக்கலம் தந்தனர். ஆயிரக்கணக்கானோர் ஆர்ப்பரிக்கும் திடல்களில் நடந்து பழகிய மனிதர், காலடி ஓசை கேட்காதபடி அந்தப் பரணில் நாள்களைக் கழித்தார்.

பின்னர் கட்டாய உழைப்பு முகாமில் அகப்பட்டார். அங்கே அவரோடு இருந்தவர்களுள் ஒருவர் எர்னோ எர்ப்ஸ்டைன் என்னும் மற்றொரு கால்பந்து ஆசான். 1944 திசம்பரில், முகாமில் இருந்தோர் செர்மனிக்கு அனுப்பப்படவிருந்த வேளையில், இருவரும் வேறு சிலரோடு சன்னல் வழியே குதித்துத் தப்பினர். குட்மனின் தந்தையும் சகோதரியும் உறவினர் பலரும் கொல்லப்பட்டனர். எர்ப்ஸ்டைன் பின்னர் இத்தாலியின் தொரினோ அணிக்கு ஆசானாகி, 1949இல் சுபெர்கா குன்றில் அவ்வணியோடு விமான விபத்தில் மாண்டார். தப்பியவர் எல்லாருக்கும் நீண்ட வாழ்வு வாய்க்கவில்லை.

வாயில்தோறும்

போர் ஓய்ந்ததும் நாற்பத்தாறு வயதில் குட்மன் மீண்டும் தொடங்கினார். உருமேனியாவின் புக்கரெஸ்டில் பணியாற்றியபோது, உணவுத் தட்டுப்பாடு மிகுந்திருந்ததால் ஊதியத்தைக் காய்கறியாகப் பெற்றார் என்பர். 1947இல் உய்பெஷ்ட் அணிக்கு மீண்டும் லீக் பட்டம் ஈட்டித் தந்தார். கிஷ்பெஷ்ட் அணியில் இருந்தபோது ஓர் ஆட்டத்தின் இடைவேளையில், முரட்டுத்தனமாக ஆடிய ஒரு வீரரை மேற்கொண்டு ஆட வேண்டாம் என்று தடுத்தார். அணியின் இளம் நாயகர் ஃபெரென்ஸ் புஷ்காஷ் அந்த வீரரைக் களத்திலேயே இருக்கச் சொன்னார். ஆசான் சொல்லுக்கு மதிப்பில்லாத இடத்தில் ஆசானுக்கு வேலையில்லை. குட்மன் பார்வையாளர் பகுதிக்குச் சென்று அமர்ந்தார். பின்னர் அவ்வணிக்குத் திரும்பவில்லை.

பரிசில் தரக் காலம் தாழ்த்திய அதியமானின் வாயிலில் ஔவையார் கொண்ட சினத்தையும், தம்மை நேரில் காணாமல் தந்த பொருளை வேண்டாமென்று மறுத்த பெருஞ்சித்திரனாரின் பெருமிதத்தையும் புறநானூறு காட்டுகிறது. குட்மன் நடந்த வழியும் ஏறக்குறைய அதுவே. இத்தாலியின் மிலான் அணி 1954-55ஆம் பருவத்தில் லீக் பட்டியலின் முதலிடத்தில் இருக்கும்போதே அவரை விலக்கியது. அதன்பின், அணி முதலிடத்தில் இருக்கையில் தம்மை நீக்கக் கூடாது என்னும் விதியை ஒப்பந்தங்களில் சேர்க்கச் செய்தார் என்பர்.

1956இல் ஹங்கேரிய மக்களின் எழுச்சியைச் சோவியத் படை நசுக்கியபோது ஹொன்வெத் அணி வெளிநாட்டில் இருந்தது. அவ்வணியோடு பிரேசில் சென்ற குட்மன், அங்கேயே சாவோ பாவ்லோ கழகத்தில் தங்கி, 1957இல் அம்மாநிலப் பட்டத்தை வென்று தந்தார். பின்களத்தில் நால்வர், நடுவில் இருவர், முன்களத்தில் நால்வர் என நிற்கும் முறையில் அவர் அணி ஆடியது. அக்கழகத்தோடு நெடுநாள் தொடர்புடைய விசென்டே ஃபியோலா, அதே அமைப்பில் பிரேசிலை ஆடவைத்து 1958இல் உலகக் கோப்பையை வென்றார். அம்முறையின் வேர்கள் பிரேசில் மண்ணிலும் முன்னமே இருந்தன. ஆதலின் அதைப் பிரேசிலுக்குக் கற்பித்தவர் குட்மன் என்று சொல்வது மிகை. வளர்த்தவர்களுள் ஒருவர் என்பதே பொருந்தும்.

இரு கோப்பைகள்

1958-59இல் போர்த்தோ அணிக்குப் போர்த்துகல் லீக் பட்டம் பெற்றுத் தந்தார். மறு பருவமே அதன் போட்டியாளரான பென்ஃபிகாவுக்குச் சென்று, 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பட்டம் வென்றார். லிஸ்பனில் ஒரு முடிதிருத்தகத்தில் தம் பழைய சாவோ பாவ்லோ வீரர் ஒருவரைச் சந்தித்தபோது, மொசாம்பிக்கில் ஆடும் ஓர் இளைஞனின் திறமை பற்றி அவர் கேள்வியுற்றார் என்று சொல்லப்படுகிறது. அந்த இளைஞர் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற யுசேபியோ.

1961 மே 31 அன்று பெர்ன் நகரில் பார்சிலோனாவை 3-2 என்று வென்று ஐரோப்பியக் கோப்பையைப் பென்ஃபிகா கைப்பற்றியது. அதே திடலில், அதே 3-2 கணக்கில்தான் 1954 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஹங்கேரி தோற்றிருந்தது. அன்று தோற்ற அணியில் இருந்த கோச்சிஷும் சிபோரும் இம்முறை பார்சிலோனாவுக்காக ஆளுக்கு ஒரு கோல் அடித்தும் மீண்டும் தோற்றனர். 1962 மே 2 அன்று ஆம்ஸ்டர்டாமில் ரியல் மாட்ரிட் எதிர்நின்றது. அதன் முன்களத்தில் புஷ்காஷ்; கிஷ்பெஷ்டில் ஆசானின் சொல்லை மீறிய அதே புஷ்காஷ். முதற்பாதியிலேயே மூன்று கோல் அடித்தார். ஆயினும் இறுதியில் 5-3 என்று வென்றது பென்ஃபிகா. யுசேபியோ இரண்டு கோல் அடித்தார்.

வெற்றிக்குப் பின் குட்மன் கூடுதல் தொகை கேட்டார் என்றும், கழக நிருவாகிகள் ஒப்பந்தத்தில் அதற்கு இடமில்லை என்று மறுத்தனர் என்றும் சொல்லப்படுகிறது. அவர் விலகி, உருகுவேயின் பென்யரோல் கழகத்துக்குச் சென்றார். ஓரிடத்தில் மூன்றாம் ஆண்டு பயிற்சியாளனுக்குக் கேடு என்பது அவர் கொள்கை.

சொல்லும் மௌனமும்

அதன்பின் பென்ஃபிகா 1963, 1965, 1968, 1983, 1988, 1990, 2013, 2014 ஆகிய ஆண்டுகளில் எட்டு ஐரோப்பிய இறுதியாட்டங்களில் தோற்றது. தோல்வி கூடக்கூடச் சாபக் கதையும் வளர்ந்தது. 1990இல் இறுதியாட்டம் வியன்னாவிலேயே நடந்தபோது, யுசேபியோ தம் ஆசானின் கல்லறைக்குச் சென்று வேண்டிக்கொண்டார். அன்றும் மிலானிடம் 1-0 என்று தோல்வியே. 2014 பிப்ரவரியில் பென்ஃபிகா தன் திடலில் இரு கைகளிலும் கோப்பை ஏந்திய குட்மன் சிலையை நிறுவியது. அவ்வாண்டு மே மாதமும் தோற்றது.

ஆனால் 1965இல் இதே கழகம் அவரை மீண்டும் அழைத்தது. அவரும் வந்து ஒரு பருவம் பணியாற்றினார். நூறாண்டுச் சாபம் இட்டவரும் இடப்பட்டவரும் மூன்றே ஆண்டில் கைகோத்தனர் என்றால், அன்று அப்படியொரு சொல் பிறந்ததா என்னும் ஐயம் எழுவது இயல்பு.

சுவிட்சர்லாந்து, கிரேக்கம், ஆஸ்திரியா, மீண்டும் போர்த்தோ என்று 1974 வரை அவர் பயணம் நீண்டது. பயிற்சியாளராக அவர் பணியாற்றிய நாடுகள் பத்துக்கு மேல். 1981 ஆகஸ்டு 28 அன்று வியன்னாவில் மறைந்து, அந்நகரின் மத்தியக் கல்லறையில் யூதர் பகுதியில் அடக்கம் செய்யப்பட்டார்.

குட்மன் செருக்கு மிக்கவர். பொருளாசை உடையவர் என்றும் பெயர் எடுத்தவர். அவரைத் தூயவராக்கிக் காட்டுவது அவருக்குச் செய்யும் நன்றியாகாது. எனினும், உற்றாரை இழந்து பரணில் ஒளிந்து உயிர் பிழைத்த ஒருவர், பதினாறு ஆண்டு கடந்து ஐரோப்பாவின் உச்சியில் நின்றார் என்பது கால்பந்து வரலாற்றில் இணை காண்பதற்கு அரியது. அந்த உயரத்தில் நின்று தம் துயரத்தைச் சொல்லியிருந்தால் உலகம் கேட்டிருக்கும், அவர் சொல்லவில்லை. அவர் சொன்னாரா என்று தெளியாத ஒரு சொல்லை இன்று உலகமே அறியும். அவர் அடக்கிய சொல்லை, பலர் எழுதிவிட்டனர் என்று ஒதுக்கிவைத்த அந்த ஆறு ஆண்டுகளை, அவர் இறந்து முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின்னரே பிறர் தேடி எழுத வேண்டியதாயிற்று.