திரும்பிப் போன பாதிரியார்

1939 ஜூன் மாதம். ஜெர்மன் பாதிரியார் ஒருவர் நியூயார்க் துறைமுகத்தில் வந்து இறங்கினார். பெயர் டீட்ரிக் போன்ஹோபர், வயது 33. ஹிட்லருக்குப் பணிய மறுத்த திருச்சபைப் பிரிவைச் சேர்ந்தவர். ஆபத்து நெருங்குவதை அறிந்து, அமெரிக்க நண்பர்கள்தான் அவரை வரவழைத்தார்கள். வேலை, பாதுகாப்பு எல்லாம் காத்திருந்தன.

மனம் ஒட்டவில்லை! ஏசுவின் சீடனாக இருப்பது மலிவான காரியம் அல்ல, உயிரையே கேட்கும் என்று 1937-ல் புத்தகம் எழுதியவர் அவர். நாட்டு மக்களின் துன்பத்தில் பங்கு கொள்ளாதவனுக்கு, பிறகு அந்த நாட்டைச் சீர்படுத்த என்ன உரிமை? ஜூலையிலேயே கப்பலேறிவிட்டார். செப்டம்பரில் யுத்தம் மூண்டது.

ராணுவ உளவு இலாகாவில் சேர்ந்தார். வேலை பெயருக்குத்தான். உண்மையில், ஹிட்லரை ஒழிக்கச் சதி செய்தவர்களுக்குத் தூது போனார். பாதிரியார் பொய் சொல்லலாமா? கொலைக்குத் துணை போகலாமா? இன்றும் வாதிடுகிறார்கள். அது குற்றமற்ற செயல் என்று அவரும் நினைக்கவில்லை. பழியைத் தலையில் ஏற்கத் துணிந்தார். தூக்குமேடை ஏறியதைவிட இதுவே கடினம்.

1943 ஜனவரியில் திருமண நிச்சயம்; ஏப்ரலில் கைது.

பெர்லின் சிறைக் காவலாளி ஒருவன் தப்ப வைக்க முன்வந்தான். மாற்று உடைகூடத் தயார். அந்த நேரத்தில் அண்ணன் கிளாஸ் கைதானார். தாம் ஓடினால் குடும்பத்தை வதைப்பார்களே! போன்ஹோபர் சிறையிலேயே இருந்துவிட்டார்.

1945 ஏப்ரல் 9-ந் தேதி பிளாசன்பர்க் முகாமில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அமெரிக்கப் படை அங்கே நுழைந்தது 23-ந் தேதி.